லிப்ரேஆபிஸை மட்டும் நிறுத்தி வைக்க முடியுமா?

கேள்வி: 8 ஜிபி ரேம் உள்ள பழைய மடிக்கணினியில் ஜென்டூ லினக்ஸ் (மென்பொருளை மூலநிரலிலிருந்து நம் கணினியிலேயே கம்பைல் செய்துகொள்ளும் லினக்ஸ்) வைத்திருக்கிறேன். வாராவாரம் 'வேர்ல்டு' அப்டேட் (எல்லா மென்பொருளையும் புதுப்பிப்பது) கொடுத்தால் லிப்ரேஆபிஸ் அலுவலகத் தொகுப்பும் ஃபயர்பாக்ஸ் பிரவுசரும் ராத்திரி முழுக்க கம்பைல் ஆகின்றன. இந்த இரண்டையும் நிறுத்திவிட்டு மற்றதை மட்டும் அப்டேட் செய்ய வழி உண்டா?

பதில்: உண்டு. இன்று ஒரு நாள் தவிர்த்தால் போதும் என்றால், மென்பொருளை நிறுவும் எமெர்ஜ் கட்டளையோடு 'எக்ஸ்க்ளூட்' தெரிவைச் சேர்த்து பேக்கேஜின் பெயரைக் கொடுங்கள். இது எங்கும் பதிவாகாது. அடுத்த வாரம் அதே பேக்கேஜ் மறுபடி வரிசையில் வந்து நிற்கும்.

நீண்ட நாள் நிறுத்த வேண்டுமென்றால் ஜென்டூவின் பேக்கேஜ் மேலாளரான போர்ட்டேஜின் அமைப்புக் கோப்புகளில் 'பேக்கேஜ்.மாஸ்க்' இருக்கிறது. அதில் எழுதி மாஸ்க் செய்த பதிப்புகளைப் போர்ட்டேஜ் நிறுவாது. இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். கையில் இருக்கும் பதிப்புக்கு மேலே எதுவும் வேண்டாம் என்று > குறி போட்டு எழுதிவிடுவார்கள். பாதுகாப்புத் திருத்தங்களும் அதோடு நின்றுபோகும். உங்களிடம் இருப்பது லிப்ரேஆபிஸ் 25.2 வரிசை என்று வைத்துக்கொள்வோம். >= குறியோடு 25.8 என்று மாஸ்க் செய்யுங்கள். பெரிய மாற்றம் வராது, 25.2-க்குள் வரும் சிறு திருத்தங்கள் வந்துகொண்டிருக்கும். அந்த வரிசையே போர்ட்டேஜ் மரத்திலிருந்து (ஜென்டூவின் பேக்கேஜ் தொகுப்பு) நீக்கப்பட்டால் மாஸ்க்கை எடுத்துவிடுங்கள். பக்கத்திலேயே # போட்டுத் தேதியும் காரணமும் எழுதி வையுங்கள். ஏன் போட்டேன் என்றே தெரியாத மாஸ்க் வரிகள் என் கோப்பிலும் இருந்திருக்கின்றன.

எல்லாவற்றையும் இப்படித் தனியாகப் பிடித்து நிறுத்த முடியாது. பல செயலிகளின் சாளரங்களுக்கு அடிப்படையான க்யூட்டி நூலகங்கள் ஒன்றோடொன்று ஒரே பதிப்பில் இருந்தாக வேண்டும். அதில் ஒன்றை மாஸ்க் செய்தால் மற்றவையும் நகராது. திரை நிறையச் சிவப்பு எழுத்தில் புகார்தான் வரும்.

ஃபயர்பாக்ஸுக்கு எண் பார்த்து மாஸ்க் செய்ய வேண்டியதே இல்லை. ஜென்டூவில் அதற்கு 'ரேப்பிட்' (விரைவாக மாறுவது), 'இஎஸ்ஆர்' (நீண்ட கால ஆதரவு உள்ளது) என்று இரண்டு ஸ்லாட்டுகள், அதாவது தனித்தனி வரிசைகள். ரேப்பிட் ஸ்லாட்டை மாஸ்க் செய்து இஎஸ்ஆரில் இருங்கள். பெரிய பதிப்பு ஏறத்தாழ ஆண்டுக்கு ஒருமுறைதான் மாறும். இடையில் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும். பிரவுசரை அடியோடு நிறுத்திவைப்பதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். மாதம் ஒருமுறை 'ஜிஎல்எஸ்ஏ-செக்' ஓட்டிப் பாருங்கள். அறிவிக்கப்பட்ட ஓட்டைகளில் எவை உங்கள் கணினியில் இருக்கின்றன என்று அது சொல்லிவிடும்.

ஏதோ ஒரு நூலகத்தை மட்டும் பெயர் சொல்லி அப்டேட் செய்யும்போது 'ஒன்ஷாட்' தெரிவை மறக்க வேண்டாம். மறந்தால் அது வேர்ல்டு கோப்பில் (நீங்களே கேட்டு நிறுவியவற்றின் பட்டியல்) ஏறிவிடும். பிறகு யாருக்கும் தேவைப்படாமல் போனாலும் தேவையற்றவற்றை நீக்கும் டிப்கிளீன் அதைத் தொடாது.

இவ்வளவும் சொன்ன பிறகு, உங்கள் இடத்தில் நான் இருந்தால் லிப்ரேஆபிஸை நிறுத்தியிருக்க மாட்டேன். 2023 டிசம்பரிலிருந்து ஜென்டூவே ஏஎம்டி64 (இன்டெல், ஏஎம்டி 64-பிட்), ஏஆர்எம்64 கணினிகளுக்கு ஆயத்த பைனரி பேக்கேஜ்களைத் தருகிறது. லிப்ரேஆபிஸும் அதில் உண்டு. 'கெட்பின்பேக்கேஜ்' தெரிவைச் சேர்த்தால் தரவிறக்கத்தோடு வேலை முடிந்தது. உங்கள் யூஸ் ஃபிளாக் (பேக்கேஜில் எந்த வசதிகள் வேண்டும் என்ற தெரிவு) அவர்களுடையதோடு பொருந்த வேண்டும், அவ்வளவுதான். முதலில், எதையும் நிறுவாமல் என்ன நடக்கும் என்று மட்டும் காட்டும் 'பிரிடென்ட்' தெரிவைக் கொடுத்துப் பாருங்கள்: வரியின் தொடக்கத்தில் 'பைனரி' என்றிருந்தால் தரவிறங்கும், 'ஈபில்ட்' என்றிருந்தால் அன்று ராத்திரியும் கம்பைல்தான்.