பாடத்திட்டத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து வாசியுங்கள்

பட்டப்படிப்பைத் தேர்ந்தெடுக்க உட்காரும் பெற்றோரை முதலில் மிரட்டுவது கட்டணமல்ல, பாடத்திட்டக் கோப்பின் மொழிதான். அவுட்கம் அடிப்படையிலான கல்வி, கற்றல் விளைவு, கிரெடிட், ஃபார்மேட்டிவ் மதிப்பீடு, கேப்ஸ்டோன் என்று சொற்கள் வரிசைகட்டி நிற்கும். அத்தனையும் புரிந்தாக வேண்டியதில்லை. பாடம் முடிந்ததும் பிள்ளைக்கு என்ன செய்யத் தெரியும் (இதுதான் கற்றல் விளைவு), அதை வகுப்பில் எப்படிப் பழக்குகிறார்கள், தெரிந்துவிட்டதா என்று எப்படிச் சோதிக்கிறார்கள்: இந்த மூன்றையும் பிடித்துக்கொள்ளுங்கள். மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தி நிற்பதைத்தான் 'கன்ஸ்ட்ரக்டிவ் அலைன்மென்ட்' என்கிறார்கள். கல்வி உளவியலாளர் ஜான் பிக்ஸ் 1990களில் முன்வைத்த கருத்து அது.

பொருந்தாமல் போனால் என்ன ஆகும்? 'தரவுத்தளம் ஒன்றை வடிவமைப்பர்' என்று கற்றல் விளைவில் எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடைசிப் பக்கத்தில் மதிப்பெண் பங்கீட்டைப் பார்த்தால், 100க்கு 80 எழுத்துத் தேர்வுக்கு, மீதி 20 வருகைப்பதிவுக்கும் இரண்டு அசைன்மென்ட்டுக்கும். வடிவமைக்கச் சொல்லும் இடமே இல்லை. தேர்வில் வருவதைத்தான் மாணவர் படிப்பார். அதைச் சோம்பல் என்று திட்டாதீர்கள். நேரம் குறைவாக இருக்கும் யாரும் அப்படித்தான் செய்வார்கள். பிறகு வேலைக்கான நேர்முகத்தில் 'நார்மலைசேஷன்' (ஒரே தரவு பல இடங்களில் திரும்ப வராதபடி அட்டவணைகளைப் பிரிப்பது) என்றால் என்ன என்று கேட்டால் மளமளவென்று சொல்வார். ஒரு நூலகத்தின் இரவல் பதிவேட்டைக் கொடுத்து அட்டவணைகளாகப் பிரிக்கச் சொன்னால் கை நின்றுவிடும். ஆகவே, முந்தைய மூன்று ஆண்டு வினாத்தாள்களைக் கேட்டு வாங்குங்கள். 'வரையறு', 'பட்டியலிடு' என்று கேட்பவை எத்தனை, முன்பு பார்த்திராத தரவைக் கொடுத்துத் தீர்க்கச் சொல்பவை எத்தனை என்று எண்ணுங்கள். விளம்பரக் கையேடு சொல்லாததை அந்த எண்ணிக்கை சொல்லிவிடும்.

கற்றல் விளைவுகளை வாசிக்கும்போது கண் வினைச்சொல்லில் இருக்கட்டும். கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூமின் குழு 1956இல் வகுத்து, 2001இல் திருத்தப்பட்ட சிந்தனை நிலைகளின் வரிசைதான் பல பாடத்திட்டங்களுக்கு அடிப்படை: நினைவுகூர்தல், புரிதல், பயன்படுத்துதல், பகுத்தாய்தல், மதிப்பிடுதல், உருவாக்குதல். 'அறிந்துகொள்வர்', 'விழிப்புணர்வு பெறுவர்' போன்றவற்றை அளக்க வழியில்லை. 'கணக்கிடுவர்', 'ஒப்பிட்டுத் தேர்ந்தெடுப்பர்' என்றால் அளக்கலாம். முதலாண்டில் 'நினைவுகூர்தல்' மிகுந்திருப்பது குறையல்ல, அடித்தளம் அப்படித்தான் போடப்படும். இறுதியாண்டிலும் அதே நிலை என்றால்தான் கவலைப்பட வேண்டும்.

அடுத்து கிரெடிட், அதாவது ஒரு பாடம் கேட்கும் உழைப்பை அளக்கும் அலகு. குடும்பங்கள் அதிகம் ஏமாறும் இடம் இது, ஏனென்றால் ஒரே சொல் நாட்டுக்கு நாடு வேறு அளவைக் குறிக்கிறது. ஐரோப்பிய முறையில் முழு ஓராண்டுப் படிப்புக்கு 60 கிரெடிட், ஒரு கிரெடிட் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. பிரிட்டனில் ஓராண்டுக்கு 120, ஒன்றுக்கு 10 மணி நேரம். அமெரிக்க செமஸ்டர் முறையில் ஒரு கிரெடிட் என்றால் வாரம் ஒரு மணி வகுப்பு, அதோடு வெளியே சுமார் இரண்டு மணி நேரப் படிப்பு. 15 வாரத்தில் ஏறக்குறைய 45 மணி. ஆகவே 'அங்கே 360 கிரெடிட், இங்கே 180தானே' என்று ஒப்பிடுவது தவறு. பிரிட்டனின் 360ம் ஐரோப்பாவின் 180ம் ஒரே மூன்றாண்டுப் படிப்பு. இந்த மணிக்கணக்கில் வகுப்பு மட்டுமல்ல, வீட்டில் படிப்பது, ஆய்வகம், தேர்வுத் தயாரிப்பு எல்லாம் அடக்கம். 5 ஐரோப்பிய கிரெடிட் உள்ள பாடம் 125 முதல் 150 மணி நேரம் கேட்கும். பிள்ளை பகுதிநேர வேலையும் பார்க்க நினைத்தால், செமஸ்டருக்கு எத்தனை பாடம் என்பதை இந்தக் கணக்கைப் போட்ட பிறகே முடிவுசெய்யுங்கள்.

சில பாடத்திட்டங்களில் பாடங்களையும் பட்டப்படிப்பின் மொத்த விளைவுகளையும் இணைக்கும் பெரிய அட்டவணை ஒன்று இருக்கும். ஒவ்வொரு திறனும் எங்கே அறிமுகமாகிறது, எங்கே பழக்கப்படுகிறது, எங்கே முழுமையாகச் சோதிக்கப்படுகிறது என்று அது காட்ட வேண்டும். எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டிருந்தால், யாரும் உட்கார்ந்து யோசிக்கவில்லை என்றே எனக்குத் தோன்றும். எல்லாப் பாடமும் எல்லாத் திறனையும் வளர்க்க முடியாது.

முன்தேவைப் பாடங்களின் சங்கிலியையும் ஒரு தாளில் அம்புக்குறி போட்டு வரைந்து பாருங்கள். இரண்டாம் செமஸ்டர் கணிதத்தில் தவறினால் அடுத்தடுத்து எவையெல்லாம் அடைபடும், அந்தக் கணிதம் ஆண்டுக்கு ஒருமுறைதான் நடக்கிறதா என்று கேளுங்கள். அப்படியென்றால் ஒரு தோல்வி முழு ஓராண்டை விழுங்கிவிடும்.

மற்ற சொற்கள் சுருக்கமாக. ஃபார்மேட்டிவ் மதிப்பீடு, திருத்திக்கொள்வதற்காக இடையில் நடப்பது. சம்மேட்டிவ், முடிவில் தரம் போடுவது. ஆசிரியர் கருத்து அடுத்த வேலையைச் சமர்ப்பிப்பதற்குள் வந்து சேராவிட்டால், பெயர் ஃபார்மேட்டிவ் என்றாலும் பயனில்லை. ஃபிளிப்டு வகுப்பு என்றால் பாடத்தை முன்கூட்டியே படித்துவிட்டு வகுப்பில் பயிற்சி செய்வது. படிக்காமல் போகிறவருக்கு அந்த நேரம் வீண். ரிலேட்டிவ் கிரேடிங் இருந்தால் 70 மதிப்பெண்ணின் தரம் மற்றவர்கள் வாங்கியதைப் பொறுத்து மாறும்.

கேப்ஸ்டோன் என்பது படித்ததையெல்லாம் சேர்த்துச் செய்யும் இறுதி ப்ராஜெக்ட். கல்லூரியை நேரில் பார்க்கப் போகும்போது, சென்ற ஆண்டு மாணவர் செய்த அத்தகைய ப்ராஜெக்ட் ஒன்றை, மதிப்பெண் போடப் பயன்படுத்திய ரூப்ரிக்கோடு (மதிப்பீட்டு அளவுகோல்கள் எழுதிய தாள்) காட்டச் சொல்லுங்கள். மாணவர் பெயரை மறைத்துவிட்டே காட்டலாம். ரூப்ரிக்கில் 'சிறப்பு', 'நன்று' என்று மட்டும் இருக்கிறதா, அல்லது எதைச் செய்தால் சிறப்பு என்று விளக்கியிருக்கிறதா என்று பாருங்கள். விளக்கியிருந்தால், அதே தாளைப் பிள்ளைக்கு வேலை தொடங்கும் முன்பே கொடுப்பார்களா என்பதையும் கேட்டுவிட்டு வாருங்கள்.