பெட்ரோல் போட்டதும் கார் திணறுகிறதா? காயிலை மாற்றும் முன் ஒரு பாட்டில் பிடியுங்கள்

கேள்வி: திண்டிவனத்தில் இருக்கிறேன். 2017 மாடல் பெட்ரோல் கார், 62,000 கி.மீ. ஓடியிருக்கிறது. போன வாரம் நல்ல மழையில், இரவு ஒன்பது மணி இருக்கும், பங்கில் 20 லிட்டர் போட்டேன். ஐந்தாறு கிலோமீட்டர் போவதற்குள் வண்டி குலுங்க ஆரம்பித்துவிட்டது, பிக்கப் சுத்தமாக இல்லை, இன்ஜின் லைட் விட்டு விட்டு எரிந்தது. எப்படியோ வீடு வந்து சேர்ந்தேன். காலையில் செல்ஃப் நீளமாக அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது. மெக்கானிக் நாலு காயில் (பிளக்குக்குத் தீப்பொறி கரண்ட் கொடுக்கிற பாகம்), நாலு பிளக் மாற்ற வேண்டும், 14,000 ரூபாய் ஆகும் என்கிறார். பங்கில் கேட்டால், "நூறு வண்டிக்குப் போட்டிருக்கோம், யாரும் எதுவும் சொல்லலையே" என்கிறார்கள். யாரை நம்புவது?

பதில்: இப்போதைக்கு இரண்டு பேரையும் நம்ப வேண்டாம். வண்டியையும் எடுக்க வேண்டாம். இதை முதலில் சொல்லக் காரணம் அந்த லைட்தான். இன்ஜின் லைட் விடாமல் எரிந்தால் "ஒரு கோளாறு இருக்கிறது, நேரம் கிடைக்கும்போது பார்" என்று பொருள். விட்டு விட்டு எரிந்தால் எரியாத பெட்ரோல் அப்படியே சைலன்சர் பக்கம் போகிறது என்று பொருள். போகிற வழியில் புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருக்கிறது, ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருக்கிற பொருள் அது. அதற்குள் போய் இந்தப் பெட்ரோல் எரிந்தால் உள்ளே இருக்கிற தேன்கூடு மாதிரியான பகுதி உருகி அடைத்துக்கொள்ளும். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய சாமான் அது, புதிதாகப் போடுவதற்கு முன்னால் காயில் விலையெல்லாம் சில்லறை. அன்றைக்கு லைட் மினுக்க ஆரம்பித்ததும் ஓரம் கட்டியிருக்க வேண்டும். சரி, நடந்தது நடந்துவிட்டது, இனிமேல் "ஸ்டார்ட் ஆகிறதா பார்ப்போம்" என்று செல்ஃப் அடிப்பதை நிறுத்துங்கள்.

உங்கள் கேஸில் என்னைக் குழப்புவது மழை. பெட்ரோல் போட்ட பிறகு நடந்தது, அதனால் பெட்ரோல்தான் காரணம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் அதே மழையில்தான் வண்டியும் ஓடியிருக்கிறது. முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கிற தண்ணீர் வடியும் வழியில் இலை தழை அடைத்திருந்தால், சில வண்டிகளில் தண்ணீர் இன்ஜின் மேலேயே சொட்டி, பிளக் உட்கார்ந்திருக்கும் குழிக்குள் இறங்கிவிடும். அப்படி இறங்கினால் காயிலிலிருந்து வரும் கரண்ட் பிளக்குக்குப் போகாமல் ஓரமாக பாடியில் பாய்ந்துவிடும், சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் மிஸ்ஸிங் அடிக்கும். அதாவது தண்ணீர் டேங்க் வழியாகவும் வந்திருக்கலாம், பானெட் வழியாகவும் வந்திருக்கலாம். குலுக்கலை வைத்து மட்டும் எது என்று சொல்ல முடியாது, இரண்டும் ஒரே மாதிரிதான் குலுங்கும்.

இந்த இரண்டையும் பிரிக்க நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: ஒரு சிலிண்டர் மட்டும் மிஸ் ஆகிறதா, எல்லாமா? கெட்ட பெட்ரோல் மூன்றாம் சிலிண்டரை மட்டும் தேடிப் போய் அடிக்காது. பெட்ரோலைத் தெளிக்கிற நாலு இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயிலிருந்துதான் பெட்ரோல் போகிறது, அதில் தண்ணீர் வந்தால் நாலும் மாறி மாறித் திணறும். நாலு காயிலும் ஒரே இரவில் சாவதும் நடக்கிற காரியமில்லை. அதனால்தான் உங்கள் மெக்கானிக்கின் கணக்கு எனக்கு ஒட்டவில்லை. அவர் ஸ்கேனர் போட்டாரா இல்லையா என்று நீங்கள் எழுதவில்லை. போடாமலே சொல்லியிருந்தால் அது வைத்தியம் இல்லை, சீட்டு குலுக்கிப் போடுவது.

ஸ்கேனர் என்றால் பெரிய விஷயமில்லை, காரின் கம்ப்யூட்டர் பதிந்து வைத்திருக்கிற கோளாறு எண்ணை, அதாவது கோடை (code), படிக்கிற கருவி. ஸ்டியரிங்குக்குக் கீழே, டாஷ்போர்டின் அடியில் ஓபிடி சாக்கெட் இருக்கும், 2017 வண்டியில் கட்டாயம் உண்டு. ஆன்லைனில் சில நூறு ரூபாயிலிருந்து ப்ளூடூத் ரீடர் கிடைக்கிறது, போனில் ஒரு ஆப் போட்டால் போதும். பி0300 என்று வந்தால் பல சிலிண்டர்களில் ஒழுங்கில்லாமல் மிஸ்ஸிங் என்று அர்த்தம். பி0301 முதல் பி0304 வரை வந்தால் கடைசி எண்தான் சிலிண்டர் எண். பி0300 கூடவே பி0171, அதாவது காற்றோடு கலக்கும் பெட்ரோலின் அளவு குறைவு என்ற கோடும் சேர்ந்து வந்தால் சந்தேகம் பெட்ரோல் பக்கம் பலமாகச் சாய்கிறது, ஆனால் பம்ப் வலு குறைந்தாலும் எங்காவது காற்று இழுத்தாலும் இதே ஜோடி வரும் என்பதால் அதோடு முடிவு கட்டிவிடாதீர்கள். ஒன்று முக்கியம், கோடைப் படித்ததும் அழித்துவிட வேண்டாம், ஸ்கிரீனை ஒரு படம் பிடித்து வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

ஒரே சிலிண்டர் என்று வந்தால், அந்தக் காயிலைக் கழற்றிப் பக்கத்துச் சிலிண்டரில் மாட்டிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே ஒரு 10 நம்பர் போல்ட்தான், இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். கோளாறும் கூடவே இடம் மாறினால் காயில் போய்விட்டது, ஒன்று வாங்கினால் போதும், நாலு தேவையில்லை. இடம் மாறவில்லை என்றால் அந்தச் சிலிண்டரின் பிளக், அப்புறம் இன்ஜெக்டர், கடைசியில் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் இருக்கிற அழுத்தம். காயிலைக் கழற்றும்போதே பிளக் குழியில் டார்ச் அடித்துப் பாருங்கள், தண்ணீர் நின்றால் கதை அங்கேயே முடிந்தது. ஏர் அடித்துக் காயவைத்து, காயிலின் ரப்பரையும் துடைத்து மாட்டினால் வண்டி சரியாகிவிடும். ஒயர்களையும் ஒரு பார்வை பாருங்கள். பங்க்காரரிடம் சண்டை போட்டுவிட்டு நேராக என்னிடம் வண்டியைக் கொண்டுவந்தார் ஒருவர், பானெட்டைத் திறந்தால் இன்ஜெக்டர் ஒயரை எலி கடித்து வைத்திருந்தது. மழைக்காலத்தில் எலிக்கும் ஒதுங்க இடம் வேண்டுமே.

இனி பெட்ரோல் பக்கம். உங்கள் விவரத்தில் பெட்ரோலுக்கு எதிரான பலமான சாட்சி அந்த ஐந்தாறு கிலோமீட்டர். டேங்கிலிருந்து இன்ஜின் வரை குழாயில் நிற்பது ஒரு டம்ளர் பெட்ரோல்தான், அது தீர்ந்ததும் டேங்கின் அடியில் என்ன இருக்கிறதோ அது வந்துவிடும். பெட்ரோல் போட்டு 200 கிலோமீட்டர் ஓடிய பிறகு மிஸ்ஸிங் வந்ததாக எழுதியிருந்தால் நான் பங்கைச் சந்தேகப்பட்டிருக்கவே மாட்டேன்.

பெட்ரோலில் கலக்கிற எத்தனால் என்ற ஆல்கஹாலுக்கும் இதில் பங்கு உண்டு, அதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2022-ல் சராசரியாக 10 சதவீதத்தை எட்டியது, 2023 பிப்ரவரியில் 20 சதவீதக் கலப்பு அறிமுகமாகி இப்போது ஏறத்தாழ எங்கும் அதுதான். எத்தனால் இல்லாத காலத்தில் பங்கின் தரையடி டேங்கில் கொஞ்சம் மழைத்தண்ணீர் இறங்கினாலும் அது அடியில் தனியாகக் கிடக்கும், பம்ப் இழுக்கும் குழாய் அதற்கு மேலே இருக்கும், யாருக்கும் தெரியாது. எத்தனால் வந்த பிறகு நிலைமை வேறு. எத்தனாலுக்குத் தண்ணீர் மீது ஆசை அதிகம், கொஞ்சம் தண்ணீரைத் தனக்குள் இழுத்துக் கரைத்துவிடும். 10 சதவீதக் கலவையில் லிட்டருக்கு ஏறத்தாழ 5 மில்லி வரை தாங்கும், 20 சதவீதத்தில் அதைவிடக் கூடுதலாகவே தாங்கும். அதுவரை பிரச்சினை இல்லை. அளவு தாண்டியதும் எத்தனால் பெட்ரோலைக் கைவிட்டுத் தண்ணீரோடு சேர்ந்து அடியில் போய் உட்கார்ந்துவிடும், பால் திரிந்து போவது மாதிரி. குளிர்ந்தால் இன்னும் சீக்கிரம் பிரியும். உங்கள் காரின் பம்ப் இழுப்பது டேங்கின் அடியிலிருந்துதானே? இன்ஜினுக்குப் போவது அந்த எத்தனால் தண்ணீர்தான். மேலே மிச்சமிருக்கும் பெட்ரோலும் எத்தனாலை இழந்து ஆக்டேன் (தட்டாமல் எரிகிற தன்மை) குறைந்துபோய் நிற்கும், அது வந்தால் இன்ஜின் தட்டும்.

"நூறு வண்டிக்குப் போட்டோம்" என்ற பதிலுக்கும் இதிலேயே விளக்கம் இருக்கிறது. பங்க் டேங்கில் அடியில் கிடப்பது எல்லா நேரமும் ஒரே அளவில் வருவதில்லை. டேங்கர் லாரி வந்து இறக்கும்போது எல்லாம் கலங்கும், அந்த நேரத்தில் போட்ட வண்டிக்குத்தான் வினை. அதனால் லாரி இறக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் நான் அடுத்த பங்குக்குப் போய்விடுவேன். உங்களுக்கு முன்னால் போட்ட ஐம்பது பேருக்கு ஒன்றும் ஆகாமல் இருந்திருக்கலாம், பங்க்காரர் பொய் சொல்கிறார் என்று இல்லை.

ஊகத்தை விட்டுவிட்டுப் பாட்டிலுக்கு வருவோம். பல கார்களில் பின்சீட்டைத் தூக்கினால் பம்ப் மூடி தெரியும், சிலவற்றில் டேங்கையே இறக்க வேண்டும். இதை மெக்கானிக் செய்யட்டும், வெட்டவெளியில், பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு. பக்கத்தில் பீடி, போன், பல்பு ஒயர் எதுவும் கூடாது. ஆனால் நீங்கள் கூடவே நில்லுங்கள். டேங்கின் அடியிலிருந்து அரை லிட்டர் எடுத்து சுத்தமான, காய்ந்த கண்ணாடி பாட்டிலில் ஊற்றி, அரைமணி நேரம் அசைக்காமல் வையுங்கள். நடுவில் கோடு போட்டது மாதிரி இரண்டு அடுக்கு தெரிந்தால் முடிந்தது விஷயம். சந்தேகமாக இருந்தால் கொஞ்சம் வேறாக எடுத்து ஒரு சிட்டிகை கேசரி பவுடர் போடுங்கள். தண்ணீர் அடுக்கு இருந்தால் அடியில் பளிச்சென்று நிறம் பிடிக்கும், இல்லையென்றால் பொடி பொடியாகவே கிடக்கும். காசு செலவில்லாத லேப் இது.

பங்கில் கேட்டால் ஃபில்டர் பேப்பர் டெஸ்ட் செய்து காட்டுவார்கள், கேட்க உங்களுக்கு உரிமையும் உண்டு. ஒரு சொட்டு விட்டால் கறை இல்லாமல் ஆவியாக வேண்டும். ஆனால் அது மண்ணெண்ணெய், டீசல் மாதிரியான கலப்படத்தைப் பிடிக்கத்தான், தண்ணீருக்கு அதை நம்பாதீர்கள். அடர்த்தியும் அப்படித்தான். பெட்ரோலின் அடர்த்தி 15 டிகிரியில் கன மீட்டருக்கு 720 முதல் 775 கிலோ வரை இருக்கலாம், அன்றைய கணக்கை பங்கில் எழுதி வைத்திருப்பார்கள், அதிலிருந்து 3-க்கு மேல் விலகினால் சந்தேகப்படலாம். தண்ணீருக்கு அவர்களிடம் பேஸ்ட் இருக்கிறது, அளவுக்கோலில் தடவி டேங்கில் இறக்குவார்கள், தண்ணீர் பட்ட இடம் நிறம் மாறும். ஆனால் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு என்று தனிப் பேஸ்ட் இருக்கிறது, பழைய பேஸ்ட் சரியாகக் காட்டாது. எந்தப் பேஸ்ட் என்று கேளுங்கள், கேட்கிற விதத்திலேயே இவருக்கு விஷயம் தெரியும் என்று புரிந்துவிடும்.

பாட்டிலில் அடுக்கு தெரிந்தால் வேறு வழியில்லை, டேங்க் முழுவதையும் காலி செய்ய வேண்டும். மேலே நல்ல பெட்ரோலை நிரப்பினால் சரியாகிவிடும் என்பார்கள், இலேசாக ஈரம் இருந்தால் அது எடுபடும், அடுக்காகப் பிரிந்த பிறகு எடுபடாது. தின்னர், ஆசிட்டோன், ஆன்லைனில் விற்கும் மாய பாட்டில் எதையும் ஊற்ற வேண்டாம். டேங்கைத் துடைத்து, பம்ப் வடிகட்டியைச் சுத்தம் செய்து, குழாயில் நிற்பதை வெளியே ஓடவிட்டு, ஃபில்டர் தனியாக இருந்தால் மாற்றி, வேறு பங்கில் பத்து லிட்டர் போட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். முதல் ஒரு நிமிடம் திணறும், பயப்பட வேண்டாம். பிளக்கைக் கழற்றித் துடைத்தால் போதும், 62,000 வரை ஒருமுறைகூட மாற்றாத சாதாரண பிளக் என்றால் இந்தச் சாக்கில் மாற்றிவிடுங்கள், அது எப்படியும் மாற்ற வேண்டிய வயதுதான். ஆயில் டிப்ஸ்டிக்கையும் இழுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தாலோ, அளவு ஏறியிருந்தாலோ ஆயிலையும் மாற்ற வேண்டும், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியாகக் கீழே இறங்கியிருக்கிறது.

இதோடு "இது பழைய வண்டி, இ20 (20 சதவீத எத்தனால்) பெட்ரோலே காரணமாக இருக்குமா" என்ற சந்தேகமும் உங்களுக்கு வரும். எத்தனாலில் சூடு தரும் சக்தி பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான், அதனால் மைலேஜ் குறையும். பழைய ரப்பர் குழாய், கேஸ்கெட் நாளடைவில் கெடும் என்ற கவலையிலும் நியாயம் உண்டு. ஆனால் அதெல்லாம் மாதக்கணக்கில் நடக்கிற விஷயம். ஆறு கிலோமீட்டரில் வண்டியைச் சாய்க்காது.

பணத்துக்கு வருவோம். பெட்ரோல் போட்ட பில் அல்லது யுபிஐ ரசீது, நேரத்தோடு. ஸ்கேனர் படம். பாட்டிலின் படம், பாட்டிலும் மூடி ஒட்டிய நிலையில், வெயில் படாமல். ஒர்க்‌ஷாப் ஜாப் கார்டில் "டேங்கில் தண்ணீர் கலந்த பெட்ரோல்" என்று மெக்கானிக் கையெழுத்தோடு ஒரு வரி. இவ்வளவும் கையில் இருந்தால் முதலில் பங்கின் புகார்ப் புத்தகத்தில் எழுதுங்கள், கேட்டால் கொடுக்க வேண்டும், பிறகு அந்த எண்ணெய் நிறுவனத்துக்கு. அதிலும் நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம். சத்தம் போட்டுப் பயனில்லை, பாட்டிலை மேசையில் வையுங்கள். ஆனால் பாட்டில் ஒரே நிறமாக, தெளிவாக நின்றால் பங்கை விட்டுவிட்டுப் பிளக் குழிக்குள் டார்ச் அடியுங்கள்.