பழைய ராணுவ முகாமில் உணவகமும் கடையும் வைத்தால் அந்த இடத்தின் வரலாறு அழிந்துவிடாதா?

பாசறையாக இருந்த இடங்களை எல்லாம் சாப்பாட்டுக் கடைகளாக்கிவிடுகிறார்களே, ஒழுங்காக அருங்காட்சியகம் ஆக்கினால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். நான் சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவன், எனக்குப் பழக்கமான பழைய ராணுவ முகாம் என்றால் டெம்ப்சிதான். அதை வைத்தே சொல்கிறேன்.

டெம்ப்சி என்றதும் இப்போது எல்லோருக்கும் ஞாபகம் வருவது ஞாயிற்றுக்கிழமை ப்ரஞ்ச் (காலையும் மதியமும் சேர்ந்த சாப்பாடு), நாய்க்குட்டியோடு வரும் வெள்ளைக்காரக் குடும்பம், கார் நிறுத்த இடம் கிடைக்காமல் மூன்று சுற்று சுற்றுவது. என் அப்பாவுக்கு அப்படி இல்லை. அவருக்கு அந்தப் பெயரைச் சொன்னாலே சிஎம்பிபிதான். தேசிய சேவைக்கு, அதாவது கட்டாய ராணுவப் பணிக்கு, ஆள் எடுக்கும் அலுவலகம், அதாவது மத்திய மனிதவளத் தளம், 1989 வரை டெம்ப்சி சாலையில்தான் இருந்தது. பதினெட்டு வயதுப் பையன்கள் எல்லாரும் மருத்துவப் பரிசோதனைக்கு அங்கேதான் போக வேண்டும். அப்பா போனது 1976இல். ஜட்டியோடு நீளமான தாழ்வாரத்தில் வரிசையில் நின்றதையும், கையில் சிறுநீர்ப் பாட்டிலை வைத்துக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் முழித்ததையும் இன்றைக்கும் சிரித்துக்கொண்டே சொல்வார். ஐசி என்கிற அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு 11பி என்கிற ராணுவ அட்டையை வாங்கிக்கொண்டு மூன்று டன் லாரியில் ஏறிய நாளைப் பற்றி மட்டும் அவ்வளவாகச் சிரிக்க மாட்டார். பாட்டி வாசலில் நின்று அழுதாராம்.

சரி, அந்தக் குன்றுக்கு அப்பா போவதற்கு நூறு வருஷத்துக்கு முந்தைய கதை ஒன்று இருக்கிறது, அதற்கும் முன்னால் இன்னொன்று. 1850களில் அது ஒரு ஜாதிக்காய்த் தோட்டம். தங்ளின், ஆர்ச்சர்ட் சாலை வட்டாரம் முழுக்கவே அப்போது ஜாதிக்காய்தான். யாரோ ஒருவர் ஜாதிக்காயில் பணம் பண்ணினார் என்று கேள்விப்பட்டு எல்லோரும் போட்டார்கள், அப்புறம் மரங்களில் நோய் விழுந்தது, சில ஆண்டுகளில் தோட்டங்கள் எல்லாம் கருகிப் போயின. நட்டத்தில் கிடந்த அந்த மேட்டு நிலத்தை அரசாங்கம் வாங்கி 1860களின் தொடக்கத்தில் ஐரோப்பியப் படையினருக்குப் பாசறை கட்டியது. தங்ளின் பாசறை என்று பெயர், இன்றைய டெம்ப்சி அதுதான். கட்டியவர் கேப்டன் ஜார்ஜ் காலியர், மெட்ராஸ் இன்ஜினியர்ஸ் படைப்பிரிவைச் சேர்ந்தவர். ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கம் காலியர் கீ என்று ஒரு சாலை இருக்கிறதே, அவர் பெயர்தான். 1867 வரை இந்த ஊரை ஆண்டதே கல்கத்தாவில் இருந்துதான் என்பதும், அதுவரை இங்கே காவல் காத்தது மெட்ராஸ் சிப்பாய்கள் என்பதும் இங்கேயே படித்த பல பேருக்குத் தெரியாது. அந்தச் சிப்பாய்கள் இருந்தது ஊட்ரம் பக்கம், சிப்பாய் லைன்ஸ் என்ற இடத்தில். இன்று அங்கே பொது மருத்துவமனை நிற்கிறது. அதாவது நம்மாட்கள் கீழே, வெள்ளைக்காரப் பட்டாளம் மேலே, காற்றோட்டமான குன்றில். சதுப்பு நிலத்துக் கெட்ட காற்றால்தான் காய்ச்சல் வருகிறது என்று அந்தக் காலத்து மருத்துவர்கள் நம்பினார்கள், அதனால் உயரமான இடம், மாடி இல்லாமல் ஒரே தளம், இரண்டு பக்கமும் தாழ்வாரம், கூரைக்கும் சுவருக்கும் நடுவே காற்றுப் போக வழி. முதலில் போட்டது வெறும் அத்தாப்பு ஓலைதான்.

இந்த அமைப்பைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் உணவகக்காரர்களைக் காப்பாற்றியது இதுதான்.

இடையில் ஒரு எம்டன் கதை. ‘அவன் சரியான எம்டன்’ என்று நாம் சொல்வோமே, அந்த எம்டனேதான். 1914 செப்டம்பர் 22 ராத்திரி சென்னைத் துறைமுகத்தில் குண்டு போட்டு எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன ஜெர்மன் கப்பல். நவம்பரில் கோகோஸ் தீவு அருகே ஆஸ்திரேலியக் கப்பல் அதை ஒழித்துக்கட்டியது. அதன் ஆட்களில் சிலரைப் பிடித்து அடைத்து வைத்த இடம் தங்ளின் பாசறை. மலாயா, சிங்கப்பூரில் வியாபாரம் செய்துகொண்டிருந்த ஜெர்மானியர்களையும் சேர்த்து உள்ளே முந்நூறு பேருக்கு மேல். கப்பலின் அதிகாரி லாட்டர்பாக் என்பவரும் அதில் ஒருவர், பார்க்கப் பருத்த ஆள், பேச்சில் கெட்டிக்காரர், உள்ளே இருந்தபடியே தப்பிக்கச் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தார். இவர் தோண்டி முடிப்பதற்குள் வேறு வழி திறந்தது. 1915 பிப்ரவரி 15, சீனப் புத்தாண்டு விடுமுறை. அலெக்சாண்டிரா பாசறையில் இருந்த ஐந்தாம் லைட் இன்ஃபன்ட்ரி, பெரும்பாலும் வட இந்திய முஸ்லிம் சிப்பாய்கள், கிளர்ந்தெழுந்தது. தங்களைச் சக முஸ்லிம்களான துருக்கியருக்கு எதிராகச் சண்டை போட அனுப்பப் போகிறார்கள் என்று வதந்தி. அவர்களில் ஒரு கூட்டம் நேராகத் தங்ளினுக்கு வந்து, காவலர்களைச் சுட்டுவிட்டு, கதவைத் திறந்து, எங்களோடு வாருங்கள் என்று ஜெர்மானியர்களைக் கூப்பிட்டது. பெரும்பாலோர் வரவில்லை. லாட்டர்பாக் மட்டும் இன்னும் சிலரோடு நழுவி, டச்சுத் தீவுகளுக்குப் போய், உலகத்தைச் சுற்றி ஜெர்மனி போய்ச் சேர்ந்துவிட்டார். நம்பி வந்த சிப்பாய்களில் 47 பேரை ஊட்ரம் சிறைச் சுவரோரம் ஊரே பார்க்கச் சுட்டுக் கொன்றார்கள்.

இருபத்தேழு வருஷம் கழித்து அதே பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. அந்தக் காலத்தைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். குன்றின் இன்னொரு பக்கம், மிண்டன் சாலையில், பட்டாளத்துக்காரர்களுக்கென்று கட்டிய செங்கல் தேவாலயம் இருக்கிறது, செயின்ட் ஜார்ஜ். இன்று அது தேசிய நினைவுச் சின்னம். ஜப்பானியர் வருவதற்கு முன் அதன் வண்ணக் கண்ணாடிச் சன்னல்களைக் கழற்றிப் பத்திரமாகப் புதைத்து வைத்தார்கள். எங்கே என்று தெரிந்தவர் போரில் இறந்துவிட, கண்ணாடி இன்றுவரை கிடைக்கவில்லை. இப்போது இருப்பது பின்னால் போட்டது.

போருக்குப் பிறகு பிரிட்டிஷ் தூரகிழக்குத் தரைப்படையின் தலைமையகம் தங்ளினில் இருந்தது. 1971இல் அவர்கள் ஊரைக் காலி செய்தபோது இடம் நம் கைக்கு வந்து, தற்காப்பு அமைச்சும் சிஎம்பிபியும் குடியேறின. 1989இல் அமைச்சு கோம்பாக்குக்கும் சிஎம்பிபி டிப்போ சாலைக்கும் போனதும், குன்று காலி.

உங்கள் கேள்விக்கான பதில் இங்கேதான் தொடங்குகிறது. காலியாக விட்ட கட்டடத்துக்கு இந்த ஊரில் என்ன ஆகும் என்று பார்த்திருக்கிறீர்களா? வருஷம் முழுக்க மழை. ஓட்டு இடுக்கில் பறவை எச்சத்தில் இருந்து ஒரு அத்தி முளைக்கும், யாரும் பிடுங்க மாட்டார்கள், நாலு வருஷத்தில் வேர் சுவருக்குள் இறங்கிவிடும். மரச்சட்டத்தைக் கறையான் பார்த்துக்கொள்ளும். அருங்காட்சியகம் வைக்கலாம்தான், ஆனால் இத்தனை புளோக்கையும் நிரப்ப எத்தனை அருங்காட்சியகம் வேண்டும்? அரசாங்கம் குறைந்த காலக் குத்தகைக்கு விட்டது. பழைய மரச்சாமான், கம்பளம், சிலை விற்பவர்கள் வந்தார்கள், தங்ளின் வில்லேஜ் என்று பேரானது. அங்கே ஒரு கடையில் (பெயர் வேண்டாம்) அம்மா ஆசைப்பட்டு நூறு வருஷத் தேக்கு என்று ஒரு மேசை வாங்கினார். எங்கள் வீட்டு ஏர்கான் காற்றில் ஆறே மாதத்தில் மேல்பலகை நீளவாக்கில் பிளந்தது. பிளந்த இடத்தில் பார்த்தால் தேக்கும் இல்லை, நூறு வருஷமும் இல்லை. அப்பா இன்னும் அதில்தான் பேப்பர் படிக்கிறார், அது வேறு விஷயம். 2007 வாக்கில் டெம்ப்சி ஹில் என்று பெயர் வைத்துப் பெரிய அளவில் உணவகங்களைக் கொண்டுவந்தார்கள்.

உணவகம் பிழைத்ததற்கு நான் முன்னே சொன்ன அமைப்புதான் காரணம். தடுப்பில்லாத நீளமான கூடம், ஐம்பது கட்டில் போட்ட இடத்தில் ஐம்பது பேர் உட்கார்ந்து சாப்பிடலாம். தாழ்வாரம் மழைக்கும் வெயிலுக்கும். சுவரை இடிக்க வேண்டியதே இல்லை. இதையே கில்மன் பாசறையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1936இல் கட்டியது, 2012இல் ஓவியக் காலரிகளுக்கென்று திறந்தார்கள். போனால் அழகாக இருக்கும், அமைதியாக இருக்கும், ஆள் இருக்காது. சில வருஷத்தில் பல காலரிகள் கிளம்பிவிட்டன. கலை வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் இங்கே சனங்களைக் குன்றேற வைப்பது சாப்பாடுதான்.

எனக்கு இருக்கும் வருத்தம் வேறு. சாலைப் பெயர்களைப் பாருங்கள். டெம்ப்சி என்பவர் நார்மண்டியில் பிரிட்டிஷ் இரண்டாம் படையை நடத்திய தளபதி. ஹார்டிங் இன்னொரு தளபதி. லோவன் இன்னொருவர். மிண்டன் 1759இல் ஜெர்மனியில் நடந்த ஒரு சண்டை. இந்த ஊர்ப் பையன்கள் ஆயிரக்கணக்கில் பல வருஷம் இந்தத் தாழ்வாரத்தில் ஜட்டியோடு நின்றார்களே, அதற்கு ஒரு பெயரும் இல்லை. லோவன் சாலையில் ஐஸ்கிரீமுக்கு ஒரு மியூசியம் வந்தது, 2021இல். நான் குறை சொல்லவில்லை, என் மகள் இரண்டு முறை போயிருக்கிறாள். உணவகம் அழிப்பதில்லை, ஆனால் தானாக எதையும் சொல்வதும் இல்லை. நாலு பழைய படத்தைத் தாழ்வாரத்துச் சுவரில் மாட்ட எவ்வளவு செலவாகும்?

போன வருஷம் அப்பாவின் பிறந்தநாளுக்குச் சாமிஸ் கறிக்குக் கூட்டிப்போனேன். அதுவும் அதே குன்றில், முன்பு அரசு ஊழியர் கிளப்பாக இருந்த கட்டடம். வாழை இலை போட்டு, வாளியில் சோறு கொண்டுவந்து அள்ளி வைத்து, மீன் தலைக் கறி வந்தது. அப்பா வழக்கத்தைவிடக் குறைவாகப் பேசினார். சாப்பிட்டு முடித்ததும் கொஞ்சம் நடக்கலாம் என்றார். சரிவில் ஏறி, இரண்டு புளோக் தாண்டி, ஒரு தாழ்வாரத்தின் முன்னால் நின்றார். தூணைக் கையால் தட்டிப் பார்த்தார். தரையில் பழைய சிமெண்டு அப்படியே இருந்தது, ஓரத்தில் மழைத் தண்ணீர் ஓட வெட்டிய வாய்க்காலும் அப்படியே.

“இங்கதான்டா நின்னோம். அந்தக் கடைசி வரைக்கும் வரிசை.”

கடைசியில் இப்போது வைன் கடை. கண்ணாடிக்குப் பின்னால் தரையில் இருந்து கூரை வரை பாட்டில்கள், மஞ்சள் விளக்கு போட்டு. அப்பா கிட்டே போய், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு தட்டாக மேலிருந்து கீழே பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

“அன்னைக்கும் இப்படித்தான் அடுக்கி வச்சிருந்தாங்க. கலர்கூட கிட்டத்தட்ட இதேதான்.”