மைக்ரோபயாலஜி படித்தால் ஆபத்தா? ஓர் அம்மாவுக்குப் பதில்

வணக்கம் அம்மா. மகள் மைக்ரோபயாலஜி படித்து, உயிரி பயங்கரவாதத் தாக்குதலை, அதாவது நோய்க்கிருமிகளை ஆயுதமாக்கி நடத்தும் தாக்குதலைச் சமாளிக்கும் துறைக்குப் போகிறேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள், எம்.பி.பி.எஸ் சீட் வாங்கும் மார்க்கும் இல்லை, பயமாக இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். அந்த வேலை நிஜத்தில் எப்படியிருக்கும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

2001 அக்டோபர் 2. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் காய்ச்சலும் மனக்குழப்பமுமாக ஒருவரை மருத்துவமனையில் சேர்த்தார்கள். தெளிவாக இருக்க வேண்டிய முதுகுத்தண்டு நீர் கலங்கியிருந்தது. சாயமேற்றிய ஸ்லைடை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், ஊதா நிறத்தில் குச்சி குச்சியாகக் கிருமிகள். உயிரைப் பறிக்கக்கூடிய ஆந்த்ராக்ஸ் என்ற பாக்டீரியா நோயாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்ட டாக்டர் லாரி புஷ் உடனே சுகாதாரத் துறைக்குச் சொன்னார். ஜாக்சன்வில் அரசு ஆய்வகத்தில் மாதிரியைச் சோதித்தவர், சில மாதங்களுக்கு முன்புதான் இந்தக் கிருமிகளை இனம்காணப் பயிற்சி எடுத்திருந்தார். இரண்டே நாளில் உறுதி செய்தார்கள். அந்த நோயாளி பிழைக்கவில்லை. ஆனால் யாரோ வேண்டுமென்றே கிருமிப்பொடியைத் தபாலில் அனுப்பியது தெரிந்து, நோய் வராமல் தடுக்க சுமார் 10,000 பேருக்கு 60 நாள் மாத்திரை பரிந்துரைக்க முடிந்தது. மொத்தம் 22 பேருக்கு நோய், 5 பேர் மரணம்.

ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2018-இல் கோழிக்கோட்டு நிபா பரவலில் நோயாளியைக் கவனித்த நர்ஸ் லினி இறந்துபோனார். என்ன நோய் என்று தெரியாமல், முழுப் பாதுகாப்பு இல்லாமல் வார்டில் நிற்பதுதான் பெரிய ஆபத்து. அதைக் குறைக்கத்தான் தொற்றுக் கட்டுப்பாட்டுப் பிரிவும் நல்ல ஆய்வகமும் தேவை. உங்கள் மகள் போக நினைப்பது அங்கேதான்.

சரி, என்ன படிக்கலாம்? பி.எஸ்சி மைக்ரோபயாலஜியை விட மருத்துவமனை ஆய்வகத்துக்கு நேராகக் கொண்டுபோவது பி.எஸ்சி மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம். நர்சிங் பிடித்தால் தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸ் ஆகலாம். அப்புறம் பொதுச் சுகாதார முதுகலை. சென்னை அயப்பாக்கத்தில் தேசிய தொற்றுநோயியல் நிறுவனமே இருக்கிறது. ஆனால் சில படிப்புகளுக்கு மருத்துவப் பட்டம் கேட்பார்கள், தகுதியைப் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

'உயிரி பயங்கரவாதம்' என்று பெயர்போட்ட வேலை இங்கே தேடினால் கிடைக்காது. 2004-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தில், மாவட்ட அளவில், இதே திறமைக்கு வேலை உண்டு. பல பணியிடங்கள் ஒப்பந்த அடிப்படைதான். இதை அவளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். கல்லூரியில் சேரும் முன், மருத்துவமனை ஆய்வகத்தில் எத்தனை மாதம் பயிற்சி தருகிறார்கள் என்று நேரில் போய்க் கேளுங்கள்.