பழைய கான்டெஸாவில் பிரேக் பெடல் கட்டையாக இருக்கிறது, பூஸ்டர்தான் போய்விட்டதா?

கேள்வியில் சொன்னது: பெட்ரோல் கான்டெஸா, இரண்டு வருடம் ஷெட்டில் நின்ற வண்டி. பிரேக் பிடிக்கிறது, ஆனால் பெடலில் ஏறி நின்றால்தான் பிடிக்கிறது. மெக்கானிக் பூஸ்டரை (கால் அழுத்தத்தோடு சேர்ந்து தள்ளி பிரேக்கை லேசாக்கும் டப்பா) மாற்றச் சொல்லிவிட்டார்.

இப்போதைக்கு மாற்றாதீர்கள். பெடல் கட்டையானால் பூஸ்டர்மேல் பழியைப் போடுவது ஒர்க்‌ஷாப் வழக்கம். பூஸ்டருக்கு இஞ்சினின் வேக்குவம் (உறிஞ்சும் இழுப்பு) ஒழுங்காகப் போய்ச் சேர்கிறதா என்று பார்க்க அரைமணி நேரம் போதும். நின்றுபோன வண்டிகளில் முதலில் கெடுவது பெரும்பாலும் அந்த வழியில் இருக்கும் ரப்பர்தான்.

பூஸ்டருக்குள் நடப்பது எளிமையானது. பெடலை மிதிக்காதபோது டயாஃப்ரத்தின் (உள்ளே குறுக்கே நிற்கும் ரப்பர் தடுப்பு) இரண்டு பக்கமும் வேக்குவம். மிதித்ததும் பெடல் பக்கத்து அறைக்குள் வெளிக்காற்று புகுகிறது. அந்த அழுத்த வித்தியாசம்தான் பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்கு அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளுகிறது. உதாரணத்துக்கு 20 செ.மீ. விட்டமுள்ள ஒரு டயாஃப்ரம் 18 அங்குல (பாதரச அளவு) வேக்குவத்தில் கிட்டத்தட்ட 195 கிலோ தள்ளும். வேக்குவம் 10 அங்குலமானால் அதுவே 110 கிலோ கூடத் தேறாது. மீதியை உங்கள் கால்தான் கொடுக்க வேண்டும். பூஸ்டர் புத்தம் புதிதாக இருந்தாலும் இதே கதைதான்.

டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபடியே மூன்று சோதனைகள். வண்டி சமதளத்தில் நிற்கட்டும், டயர்களுக்குக் கட்டை வையுங்கள்.

முதலில், இஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் பெடலை ஐந்தாறு தடவை மிதித்து உள்ளே மிச்சமிருக்கும் வேக்குவத்தைத் தீர்த்துவிடுங்கள். பெடல் இறுகியதும் காலை எடுக்காமல் மிதமாக அழுத்தியபடி ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் காலுக்கடியில் ஒரு அங்குலம் போல இறங்க வேண்டும். இறங்கினால் பூஸ்டர் உதவுகிறது என்று அர்த்தம். (இந்த இறக்கத்தைப் பார்த்து மாஸ்டர் சிலிண்டர் லீக் என்று முடிவு கட்டுகிறவர்களும் உண்டு. கொஞ்சம் இறங்கி நின்றுவிட்டால் லீக் இல்லை; அழுத்த அழுத்தத் தரைவரை மெதுவாகப் போய்க்கொண்டே இருந்தால்தான் மாஸ்டர் சிலிண்டர் வாஷரைச் சந்தேகிக்க வேண்டும்.) பெடல் அசையவே இல்லையென்றால் வேக்குவம் வரவில்லை, இல்லை பூஸ்டர் வேலை செய்யவில்லை.

இரண்டாவது, இஞ்சினை இரண்டு நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். ஐந்து நிமிடம் பெடலைத் தொடாதீர்கள். பிறகு மிதித்தால் முதல் மிதி மென்மையாக ஆழமாக இறங்க வேண்டும். அடுத்தடுத்த மிதி கொஞ்சம் கொஞ்சமாக மேலேயே நிற்க வேண்டும். முதல் மிதியே கட்டையென்றால், சேர்ந்த வேக்குவம் ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை.

மூன்றாவது, இஞ்சின் ஓடும்போது பெடலை மிதித்துப் பிடித்துக்கொண்டே இஞ்சினை நிறுத்துங்கள். அரை நிமிடம் அப்படியே பிடியுங்கள். பெடல் காலை மேலே தள்ளினால் உள்ளே எங்கோ காற்று கசிகிறது.

மூன்றிலும் தேறிவிட்டால் பூஸ்டரை மறந்துவிடுங்கள், கீழே வேறு காரணங்கள் சொல்கிறேன். தேறவில்லையென்றால் பானெட்டைத் திறங்கள்.

மேனிஃபோல்டிலிருந்து (இஞ்சினுக்குள் காற்று போகும் குழாய்) பூஸ்டருக்குப் போகும் ஹோஸைக் கையால் அமுக்கிப் பாருங்கள். எடுத்தவுடன் பார்க்க வேண்டியது இதைத்தான். நல்ல வேக்குவம் ஹோஸ் தடித்த சுவருடன் இருக்கும், விரலுக்கு லேசில் வளையாது. பழைய வண்டிகளில் யாரோ ஒருவர் ஹீட்டர் ஹோஸையோ பெட்ரோல் ஹோஸையோ அளவு பார்த்து வெட்டி மாட்டியிருப்பார். குளிர்ந்த இஞ்சினில் அது ஒழுங்காக இருக்கும். சூடேறியதும் வேக்குவம் இழுத்துச் சப்பிப்போகும். காலையில் நல்ல பிரேக், மதியம் டிராஃபிக்கில் கட்டை என்றால் ஹோஸைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். வெளியே பளபளவென்று இருந்தாலும் உள்சுவர் உரிந்து வழியை அடைத்திருக்கலாம். கழற்றி வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பாருங்கள்.

அடுத்து நான்-ரிட்டர்ன் வால்வு, அதாவது காற்றை ஒரே திசையில் மட்டும் விடும் வால்வு. பூஸ்டரின் முகத்தில் ஒரு ரப்பர் குரோமெட்டுக்குள் (துளையில் பொருத்திய ரப்பர் வளையம்) சொருகியிருக்கும். இஞ்சினை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து, பெடலைத் தொடாமல் அதை மெதுவாக ஆட்டி இழுங்கள். ‘புஸ்ஸ்’ என்று காற்று உள்ளே புகும் சத்தம் கேட்டால் வால்வும் குரோமெட்டும் டயாஃப்ரமும் வேக்குவத்தைப் பிடித்து வைத்திருந்தன. சத்தமே இல்லாமல் வந்தால் ஏதோ ஒன்று கசிகிறது. வால்வைத் துடைத்துவிட்டு மேனிஃபோல்டு பக்க முனையில் வாய் வைத்து உறிஞ்சினால் காற்று வர வேண்டும். ஊதினால் போகவே கூடாது. இரண்டு பக்கமும் போனால் தூக்கிப் போடுங்கள். குரோமெட் வெடித்திருந்தால் சிலிகான் பேஸ்ட் பூசி ஒட்டாதீர்கள், புதிதாகவே போடுங்கள்.

இதற்குமேல் ஊகம் வேண்டாம், வேக்குவம் கேஜ் ஒன்று தேடிக்கொள்ளுங்கள். பூஸ்டர் முனையில் ஒரு டி-ஜாயின்ட் போட்டு மாட்டினால், சூடான இஞ்சின் ஐட்லிங்கில் முள் 18 முதல் 20 அங்குலத்தில் அசையாமல் நிற்க வேண்டும். பெடலை மிதித்து விட்டதும் முள் விழும்; இரண்டு மூன்று வினாடிக்குள் பழைய இடத்துக்கு ஏறிவிட வேண்டும். ஆடி அசைந்து ஏறினால் ஹோஸில் அடைப்பு. மேனிஃபோல்டிலேயே 13, 14தான் காட்டுகிறது என்றால் கோளாறு பிரேக்கில் இல்லை: டைமிங், டேப்பெட், கார்புரேட்டர் அடி கேஸ்கெட், மேனிஃபோல்டு கேஸ்கெட் என்று போக வேண்டும்.

ஒன்று கவனம்: இந்த எண்கள் சென்னை மாதிரி கடல்மட்ட ஊருக்கு. 1,000 அடி ஏறினால் சுமார் 1 அங்குலம் குறையும். ஊட்டியில் 12, 13 காட்டினால் அங்கே அது சரியான அளவு, பெடலும் கொஞ்சம் கனமாகத்தான் இருக்கும். பெட்ரோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இஞ்சினை அணைத்துவிட்டு மலை இறங்குகிறவர்களுக்கு இரண்டு மூன்று மிதிக்குமேல் பூஸ்டர் உதவாது.

வேக்குவம் சரியாக வந்தும் முதல் சோதனையில் பெடல் இறங்கவில்லையென்றால்தான் பூஸ்டர் குற்றவாளி. பெடலை விட்ட நிலையிலும் டேஷ்போர்டுக்கு அடியில் ‘ஸ்ஸ்’ சத்தம் நிற்காமல் வந்து, இஞ்சினும் மிஸ்ஸிங் அடித்தால், ஹோஸைத் துணி சுற்றி பிளையரால் நசுக்குங்கள். இஞ்சின் சீரானால் உள்ளே டயாஃப்ரமோ காற்று வால்வோ கிழிந்திருக்கிறது. மிதிக்கும் நொடியில் மட்டும் கேட்கும் சின்னச் சத்தம் இயல்பானது. பெடல் தண்டு நுழையும் இடத்தில் ரப்பர் பூட்டுக்குள் ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர் உண்டு. அது தூசியில் அடைத்திருந்தால் உதவி தாமதமாக வரும். மாற்றுவது சுலபம்.

பிரேக் ஆயில் குறைகிறது, ஆனால் எந்தச் சக்கரத்திலும் ஈரம் இல்லை என்றால் மாஸ்டர் சிலிண்டரின் நட்டுகளைக் கழற்றி, பைப்புகள் வளையாமல் அதை லேசாக முன்னால் இழுத்துப் பாருங்கள். பின்முகம் நனைந்திருந்தால் பின் வாஷர் போய் ஆயில் பூஸ்டருக்குள் இறங்கியிருக்கிறது. அங்கிருந்து இஞ்சினுக்குள் இழுக்கப்பட்டு சைலன்சரில் வெள்ளைப்புகை வரும். இந்த நிலையில் மாஸ்டர் சிலிண்டரைச் சரிசெய்யாமல் புது பூஸ்டர் மட்டும் மாட்டினால் அதுவும் சில மாதத்தில் ஊறிப்போகும். பூஸ்டரை வீட்டில் பிரிக்காதீர்கள். மடக்கிய விளிம்புக்குள் பெரிய ஸ்பிரிங் அமுங்கிக் கிடக்கிறது.

மூன்று சோதனையிலும் தேறியும் பெடல் கனமா? டிஸ்க் காலிப்பர் பிஸ்டன் துருப்பிடித்து இறுகியிருக்கலாம், பேட் கண்ணாடி போல வழவழத்திருக்கலாம், வீல் சிலிண்டர் ஜாம் ஆகியிருக்கலாம். இரண்டு வருடம் நின்ற வண்டியில் இவை எல்லாமே ஒன்றாக இருந்தாலும் ஆச்சரியமில்லை. சக்கரங்களைத் தூக்கி ஒவ்வொன்றாகச் சுற்றிப் பாருங்கள்.

கடைசியில் பூஸ்டர் மாற்றத்தான் வேண்டியிருந்தால், புதியதின் புஷ் ராடு நீளத்தை அளக்காமல் மாட்டாதீர்கள். ராடின் நுனிக்கும் மாஸ்டர் பிஸ்டனுக்கும் நடுவே சுமார் 0.5 மி.மீ. இடைவெளி வேண்டும். நுனியில் ஒரு சிட்டிகை பிளாஸ்டிசின் ஒட்டி, சிலிண்டரை மாட்டிக் கழற்றினால் நசுங்கிய தடிமன் தெரியும். ராடு நீளமாக இருந்தால் பிஸ்டன் முழுக்கத் திரும்பாது, ஆயில் டேங்குக்குத் திரும்பும் சின்னத் துளை மூடியே கிடக்கும். பத்து கிலோமீட்டர் ஓடியதும் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். அப்படி வழியில் ஜாம் ஆனால் மாஸ்டர் சிலிண்டர் நட்டுகளை இரண்டு மூன்று சுற்று தளர்த்துங்கள். சக்கரம் விட்டுவிட்டால் ராடு நீளம். விடவில்லையென்றால் சக்கரத்தின் பிளீடர் நிப்பிளை (காற்றை வெளியேற்றும் திருகு) திறந்து பாருங்கள்: ஆயில் பீய்ச்சியடித்து சக்கரம் விட்டால் அந்தச் சக்கரத்தின் ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கியிருக்கலாம்.

டீசல் கான்டெஸா வைத்திருப்பவர்கள் மேனிஃபோல்டைத் தேட வேண்டாம். டீசலில் அங்கே வேக்குவம் இருக்காது. ஆல்டர்னேட்டரின் பின்னால் இருக்கும் வேக்குவம் பம்பில் கேஜை மாட்டுங்கள்.