பட்டறைக் கேள்வி பதில்: முதல் இன்டார்சியா, ஆறு துண்டில் ஒரு மீன்

கேள்வி: மைசூரில் ஈட்டிமரப் பலகையில் வண்ண மரங்களைப் பதித்துச் செய்த சித்திரங்களைப் பார்த்தேன். இன்டார்சியா என்று சொல்லப்படுவதும் அதுதானா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: இரண்டும் உறவுக் கலைகள், ஆனால் ஒன்றல்ல. மைசூர் வேலையில் ஈட்டிமரப் பலகையே தளம். சித்திரத்தின் வடிவத்துக்கு அதில் குழி வெட்டி, வேறு நிற மரத்தின் மெல்லிய துண்டைக் குழிக்குள் இறக்கி, மேற்பரப்பைச் சமமாகத் தேய்த்துவிடுகிறார்கள். இன்று பலர் வீட்டில் செய்யும் இன்டார்சியாவில் தளமே வெளியே தெரிவதில்லை. மரத்துண்டுகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து அடுக்கும்போது சித்திரம் உருவாகிறது. துண்டுகளின் உயரமும் மாறுவதால் அது புடைப்புச் சிற்பம்போல் நிற்கும்.

இன்டார்சியாவின் பழைய, தட்டையான வடிவம் 15ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் உச்சம் தொட்டது. உர்பினோவை ஆண்ட ஃபெடெரிகோ டா மொன்டெஃபெல்ட்ரோவுக்காக குப்பியோ அரண்மனையில் செய்யப்பட்ட சிற்றறை இப்போது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் மரச்சுவர் தட்டையானதுதான். ஆயினும் பாதி திறந்த அலமாரிக் கதவுகளும், உள்ளே புத்தகங்களும் இசைக்கருவிகளும் இருப்பதாகவே கண் நம்பிவிடும். அக்காலத்தவர் பச்சை நிறம் வேண்டிய இடத்தில், ஒருவகைப் பூஞ்சை படர்ந்து பச்சையேறிய மரத்தைத் தேடி எடுத்துப் பயன்படுத்தினார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கும் செய்தி.

கேள்வி: என்னிடம் ஒரு கோப்பிங் வாள் (வளைவுகளை வெட்டும் மெல்லிய பிளேடுள்ள கைவாள்), அரம், உப்புத்தாள், இரண்டு கிளாம்ப் தவிர வேறு கருவி இல்லை. முப்பது துண்டுகளில் ஒரு கிளி செய்யத் தொடங்கினேன். பன்னிரண்டாவது துண்டுக்குள் எல்லாம் கோணலாகி, இடைவெளிகள் விழுந்துவிட்டன. மின்வாள் வாங்காமல் இந்த வேலை முடியாதா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: முடியும், ஆனால் முதலில் கிளியை விட்டுவிடுங்கள். முப்பது துண்டுகளில் ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டர் விலகினால், அந்தப் பிழை கூடிக்கொண்டே போய்க் கடைசித் துண்டு உட்காரவே உட்காராது. தலை, முதுகு, வயிறு, வால், மேல் துடுப்பு, கீழ்த் துடுப்பு என்று ஆறு துண்டுகளில், ஒன்றரைச் சாண் நீளத்தில் ஒரு மீன் செய்யுங்கள். வளைவுகள் பெரியவையாக இருக்கட்டும். 12 மில்லிமீட்டர் கனமுள்ள பலகை போதும். அதற்கு மேற்பட்ட கனத்தில் கைவாள் நேராக இறங்குவது கடினம்.

உங்கள் இடைவெளிகளுக்குக் காரணம் கருவியன்று என்றே நினைக்கிறேன். வாள் செங்குத்தாக இறங்காமல் சாய்ந்து போனால், மேலே பொருந்திய விளிம்பு கீழே முட்டிக்கொள்ளும், அல்லது கீழே பொருந்தி மேலே வாய் பிளக்கும். இதைத் தடுக்க ஒரு சிறு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். ஒரு சாண் அகலமுள்ள பலகையின் நுனியில், வாய்ப்பக்கம் 5 சென்டிமீட்டரும் ஆழம் 7 சென்டிமீட்டரும் இருக்கும்படி வி வடிவத்தில் ஒரு பிளவு வெட்டி, அந்த நுனி மேசைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். வெட்டவேண்டிய மரத்தை அப்பிளவின் மேல் படுக்கவைத்து இடக்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வாளின் கைப்பிடி கீழே இருக்குமாறு நிறுத்தி, மேலும் கீழுமாக இழுங்கள். பிளேடின் பற்கள் கைப்பிடியை நோக்கியிருந்தால், கீழ்நோக்கி இழுக்கும்போது மட்டும் அது வெட்டும், மரமும் துள்ளாது. வளைவு வரும் இடத்தில் வாளைத் திருகாதீர்கள். வாள் நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருக்க, மரத்தை மெல்லத் திருப்புங்கள். பிளேடில் மெழுகுவத்தியை ஒருமுறை தேய்த்துக்கொண்டால் ஓட்டம் இலகுவாகும். பிளேடுகள் ஒடியும், ஒரு டஜன் வாங்கி வைத்துக்கொள்வதில் வெட்கமில்லை.

அடுத்தது, வரைபடத்தை எவ்வளவு நம்புவது என்பது. ஆறு துண்டுகளுக்கும் காகிதத்தில் வரைந்த கோட்டையே பார்த்து வெட்டினால், ஆறு இடங்களில் ஆறு விதமாகக் கை விலகும். நான் தலையை மட்டும் காகிதக் கோட்டின்படி வெட்டி, அரத்தால் விளிம்பைச் சீராக்கி, மூலைமட்டம் வைத்துச் செங்குத்து பார்த்துக்கொள்வேன். பிறகு அந்தத் தலையையே முதுகு மரத்தின் மேல் வைத்து, கூர்மையான பென்சிலால் அதன் விளிம்பை ஒட்டிக் கோடு இழுத்து, முதுகுத் துண்டில் கோடு மிஞ்சும்படி, தலை இருந்த பக்கமாக வெட்டுவேன். இப்படி ஒவ்வொரு துண்டும் தன் பக்கத்துத் துண்டைப் பார்த்தே பிறக்கும். அதன் பிறகும் பொருந்தாவிட்டால், இரண்டு விளிம்புகளுக்கும் நடுவே ஒரு கார்பன் தாளை வைத்து அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். எந்த மேடு முட்டுகிறதோ அங்கே மட்டும் கறை படிந்திருக்கும். கறையை மட்டும் அரத்தால் எடுத்துவிட்டு மறுபடி பாருங்கள். ஒரு விளிம்புக்கு ஏழெட்டு முறை ஆகலாம். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடிக்கும்போது ஒளி கசியாவிட்டால் அடுத்த துண்டுக்குப் போகலாம்.

உயரத்துக்குத் தனி மரம் தேடவேண்டாம். தலைக்குக் கீழே 3 மில்லிமீட்டர் பிளைவுட் துண்டு ஒன்றை ஒட்டினால் அது 15 மில்லிமீட்டராகிவிடும். துடுப்புகளை 9 மில்லிமீட்டருக்குத் தேய்த்து இறக்கிவிடுங்கள். விளிம்பை உருட்டுவதற்கு முன், பக்கத்துத் துண்டு எந்த உயரத்தில் முடிகிறது என்று பக்கவாட்டில் பென்சிலால் கோடிட்டு, உப்புத்தாள் அக்கோட்டுக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வண்ணத்துக்கு எந்த மரங்களை வாங்கலாம்? சாயம் பூசினால் தவறா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: தவறில்லை, ஆனால் மரத்தின் சொந்த நிறம் தரும் நிறைவு சாயத்தில் கிடைப்பதில்லை என்பது என் எண்ணம். தச்சுப் பட்டறைகளில் மிஞ்சும் துண்டுகளே போதும். பழுப்புக்குத் தேக்கும், மஞ்சளுக்குப் பலாவும், செம்பழுப்புக்கு வேம்பும், வெளிர் நிறத்துக்கு ரப்பர் மரமோ பார்சல் பெட்டியின் பைன் மரமோ கிடைத்துவிடும். தந்தம்போன்ற வெண்மை வேண்டுமானால் வெட்பாலை; கர்நாடகத்தின் சென்னபட்டணத்துப் பொம்மைகளை மரபாகக் கடைவது அந்த மரத்தில்தான். கறுப்புக்குப் பழைய நாற்காலியின் உடைந்த ஈட்டிமரக் கால் ஒன்று போதும், ஆனால் அதன் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பையும் மூக்கில் எரிச்சலையும் உண்டாக்கும் என்பதால் முகக்கவசத்தோடு தேயுங்கள். பலாவின் பளிச்சென்ற மஞ்சள் வெளிச்சம் பட்டுப் பட்டுப் பழுப்பேறும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிறத்தைவிட, மரத்தின் நார் ஓடும் ரேகையின் போக்கைக் கவனியுங்கள். உடலில் ரேகை தலையிலிருந்து வாலுக்கு ஓடட்டும். துடுப்பில் அது உடலிலிருந்து வெளிநோக்கி விரிந்தால், செதுக்காமலே துடுப்பின் முள்கள் தெரியும். வாலின் இடுங்கிய பகுதியில் ரேகை குறுக்கே போனால், கைதவறி விழும் முதல் நாளே அது ஒடியும்.

மரம் நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். நான் முதலில் செய்த பாய்மரப் படகில், பலா மரம் பாதி ஈரமாக இருந்ததைக் கவனிக்காமல் பாயை வெட்டிவிட்டேன். இரண்டே மாதத்தில் பாய்க்கும் கம்பத்துக்கும் நடுவே ஒரு தீக்குச்சி நுழையும் அளவுக்கு இடைவெளி வந்துவிட்டது. மரம் ரேகைக்குக் குறுக்கேதான் சுருங்கும், நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது என்பதை அந்தப் படகு எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

கேள்வி: விழுந்துவிட்ட இடைவெளியை மரத்தூளும் ஃபெவிகாலும் குழைத்து அடைக்கலாமா?
– வாசகர், வேலூர்

பதில்: வேண்டாம். பாலிஷ் ஏறியதும் அந்த இடம் அழுக்குக் கோடாகத் தெரியும். ஒரு துண்டை மறுபடி வெட்டுவது ஒரு மாலை வேலைதான்.

கேள்வி: பாலிஷ் எப்போது போடுவது, ஒட்டிய பிறகா, அதற்கு முன்பா?
– வாசகி, ஈரோடு

பதில்: ஒட்டுவதற்கு முன்பே. 80, 120, 180, 220 என்று உப்புத்தாளை மாற்றி மாற்றித் தேய்த்து, தூளைத் துடைத்துவிட்டு, அடிப்பாகத்தை மட்டும் விட்டுவிட்டு ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாகப் பாலிஷ் போடுங்கள். பாலிஷ் ஏறிய மரத்தில் பசை பிடிக்காது. வெள்ளை மரம் வெள்ளையாகவே இருக்க வேண்டுமானால், நீரில் கரையும் நிறமற்ற வார்னிஷைத் தேர்ந்தெடுங்கள். அரக்குப் பாலிஷும் ஆளிவிதை எண்ணெயும் மஞ்சள் படியவைக்கும். பிறகு, மீனின் உருவத்தைவிட 2 மில்லிமீட்டர் உள்ளடங்கி வெட்டிய 6 மில்லிமீட்டர் பிளைவுட்டில், துண்டுக்கு நான்கைந்து பொட்டுகள் பசை வைத்து ஒட்டி, ஒரு நாள் முழுதும் அசைக்காமல் விடுங்கள். ஆளிவிதை எண்ணெய் பூசுபவர்கள், துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாமல் விரித்து உலர்த்துங்கள். சுருண்டு கிடக்கும் எண்ணெய்த் துணி தானே சூடேறித் தீப்பிடித்துவிடும்.