ஃபர்ஸ்ட் வேண்டுமென்றால் அந்த டிசர்டேஷனில் கை வைக்காதீர்கள்

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதமும் உங்கள் பெண்ணின் இரண்டாம் ஆண்டு மதிப்பெண் பட்டியலும் வந்து சேர்ந்தன. இங்கிலாந்தில் புவியியல் பட்டப்படிப்பின் கடைசி ஆண்டு, இதுவரை சராசரி 66, ஃபர்ஸ்ட் கிளாஸ் வருமா வராதா என்று வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை என்று எழுதியிருந்தீர்கள். அவளோடும் போனில் பேசினேன். கவலைப்படாதீர்கள், எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று நாலு வரி எழுதிவிடலாம். ஆனால் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் நீங்கள் எடுத்திருக்கும் முடிவுகளைப் பார்த்தபிறகு அப்படி எழுத மனம் வரவில்லை. டிசர்டேஷன், அதாவது கடைசி ஆண்டில் அவள் எழுத வேண்டிய ஆய்வேட்டின் தலைப்பை மாற்றச் சொல்லப் போகிறீர்கள். கட்டுரைகளுக்கு 'உதவி' செய்யும் ஏஜென்சிக்குப் பணம் கட்டப் போகிறீர்கள். லண்டனில் பெரிய பெயருள்ள பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் படிப்புக்கு இப்போதே முன்பணம் அனுப்பப் போகிறீர்கள். மூன்றுமே உங்கள் கொழுந்தனார் சொன்னவை. மூன்றும் வேண்டாம்.

முதலில் அந்த 66. பிளஸ் டூவில் 95 சதவீதம் வாங்கிய பெண் 66 வாங்கினால் நமக்குப் பகீரென்றுதான் இருக்கும். பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களின் அளவுகோல் வேறு. 70-ம் அதற்கு மேலும் ஃபர்ஸ்ட். 60 முதல் 69 வரை டூ-ஒன், 50 முதல் 59 வரை டூ-டூ, 40 முதல் 49 வரை தேர்ட். கட்டுரை எழுதும் பாடங்களில் 80-ஐத் தாண்டுகிறவர்கள் மிகக் குறைவு. அந்தக் கணக்கில் 66 என்பது பாடத்தை நன்றாகப் புரிந்துகொண்டு எழுதும் மாணவியின் மதிப்பெண். அவள் சறுக்கவில்லை. சறுக்கியதாக நினைத்து வீட்டிலிருந்து தினமும் போன் போகிறது, அதுதான் அவளை அலைக்கழிக்கிறது.

ஃபர்ஸ்ட் இல்லாவிட்டால் விசா கிடைக்காது என்று கொழுந்தனார் சொன்னது உண்மையில்லை. படிப்பு முடிந்தபின் தரும் கிராஜுவேட் விசாவுக்குப் பட்டத்தை வெற்றிகரமாக முடித்திருக்க வேண்டும், அவ்வளவுதான். எந்த வகுப்பு என்று கேட்பதில்லை. வேலைக்கும் பல நிறுவனங்கள் கேட்பது டூ-ஒன்தான். பெரிய கணக்குத் தணிக்கை நிறுவனமான இஒய் 2015-லேயே பட்ட வகுப்பு நிபந்தனையை எடுத்துவிட்டது. அதே துறையின் பிடபிள்யூசி 2022-ல் டூ-ஒன் கட்டாயத்தையும் கைவிட்டது. இன்னொன்று, சமீப ஆண்டுகளில் அங்கே பட்டம் வாங்குகிறவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் ஃபர்ஸ்ட் வாங்குகிறார்கள். நல்ல பெருமைதான், சந்தேகமில்லை. ஆனால் அது இல்லாமல் போனால் வாழ்க்கையே போய்விட்டது என்று ஒரு பெண்ணை நம்ப வைப்பது கொடுமை.

சரி, அப்படியானால் ஃபர்ஸ்ட்டை விட்டுவிடலாமா என்றால், கூடாது. காரணம் சொந்தபந்தத்தின் பேச்சு இல்லை, உங்கள் பெண். அவளுக்கு ஆராய்ச்சிக்குப் போக ஆசை. உங்களிடம் சொல்லத் தயங்குகிறாள், என்னிடம் சொன்னாள், உங்களுக்கு எழுதலாம் என்று அனுமதியும் தந்தாள். உதவித்தொகையோடு பிஎச்டி இடம் கிடைப்பது கடினம். அரசு ஆராய்ச்சி அமைப்பான யுகேஆர்ஐ தரும் உதவித்தொகைகளில் வெளிநாட்டு மாணவர்களுக்கு 30 சதவீத இடம்வரைதான். அந்தப் போட்டியில் ஃபர்ஸ்ட்டுக்கு உண்மையிலேயே மதிப்பு உண்டு. அதைவிட மதிப்பு ஒரு நல்ல டிசர்டேஷனுக்கு.

இப்போது கணக்குக்கு வருவோம். முதலாண்டு மதிப்பெண் பெரும்பாலான இடங்களில் பட்டக் கணக்கில் சேராது, தேறியிருந்தால் போதும். இரண்டாம் ஆண்டுக்கும் கடைசி ஆண்டுக்கும் சில பல்கலைக்கழகங்கள் 40-க்கு 60 வைக்கும், சில 25-க்கு 75. அவள் படிக்கும் இடத்தில் இரண்டாம் ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கு, கடைசி ஆண்டுக்கு மீதி இரண்டு பங்கு. 66-ஐ வைத்துக்கொண்டு 70-ஐத் தொட, கடைசி ஆண்டில் 72 சராசரி வேண்டும். கடைசி ஆண்டில் மொத்தம் 120 கிரெடிட் (ஒவ்வொரு பாடத்தின் எடையைச் சொல்லும் அலகு). நான்கு மாட்யூல்களுக்கு, அதாவது தனித்தனிப் பாடங்களுக்கு, தலா 20, டிசர்டேஷனுக்கு மட்டும் 40. மாட்யூல்களில் சராசரியாக 71 எடுத்து, டிசர்டேஷனில் 74 எடுத்தால் கணக்கு சரியாக வந்து நிற்கும். மொத்தப் பட்டத்தில் ஒரு மாட்யூலின் பங்கு ஏறக்குறைய 11 சதவீதம், டிசர்டேஷனின் பங்கு 22. மாட்யூலில் தலைப்பும் கேள்வியும் ஆசிரியர் கையில். டிசர்டேஷனில் எல்லாமே அவள் கையில். உங்கள் வீட்டில் எல்லோரும் தேர்வைப் பற்றியே பேசுகிறீர்கள், இதை யாருமே கவனிக்கவில்லை.

கவனித்த ஒருவர் கொழுந்தனார்தான், அவரும் மாற்றச் சொல்கிறார். லண்டன் வீட்டு விலைகளை மென்பொருளில் போட்டு அலசு, ரெஸ்யூமேயில் பார்க்க நன்றாக இருக்கும் என்கிறார். இது வேறு யாருக்காவது நல்ல தலைப்பாக இருக்கலாம். உங்கள் பெண் எடுத்திருப்பது கேன்வி தீவு. 1953 ஜனவரி 31 இரவு வடகடல் பொங்கி இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் 307 பேரைக் கொண்டுபோனது. தேம்ஸ் நதி கடலில் சேரும் இடத்தில் உள்ள அந்தச் சின்னத் தீவில் மட்டும் ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதன்பிறகு கடல்சுவரை உயர்த்திக் கட்டினார்கள். சுவருக்குப் பின்னால் கடல் ஏறும்போது எட்டும் மட்டத்துக்கும் கீழான நிலத்தில் இன்று பல்லாயிரம் பேர் வாழ்கிறார்கள். அவர்களுக்கு வெள்ள பயம் இருக்கிறதா, போய்விட்டதா என்பதுதான் அவள் கேள்வி. கோடை விடுமுறையில் துறையின் நெறிமுறை அனுமதி வாங்கி, 11 பேரைப் பேட்டி எடுத்து, பாதிக்கு மேல் எழுத்தில் பெயர்த்தும் வைத்திருக்கிறாள். இதைத் தூக்கிப் போட்டுவிட்டு அக்டோபரில் புதுத் தலைப்பில் தொடங்கினால் 74 கனவிலும் வராது.

அவளிடம் மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்டபோது குரலே எழும்பவில்லை. கேன்வி பற்றிக் கேட்டதும் நிறுத்தாமல் பேசினாள். பேட்டி கொடுத்தவர்களில் ஒரு மூதாட்டி, சிறுமியாக இருந்தபோது அந்த வெள்ளத்தைப் பார்த்தவர். சுவர் இருக்கிறது, எனக்கு இப்போது பயமே இல்லை என்று உறுதியாகச் சொல்லியிருக்கிறார். விடைபெறும் நேரத்தில், வீட்டுப் பத்திரங்களையும் பழைய போட்டோக்களையும் இன்றுவரை மாடியில்தான் வைத்திருக்கிறேன், கீழே வைக்க மனசு வராது என்றாராம். இதை உங்கள் பெண் குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறாள். எதில் சேர்ப்பது என்று தெரியவில்லை சார் என்றாள். அம்மா, 66-க்கும் 74-க்கும் இடையில் இருக்கும் தூரம் அந்த ஓரக்குறிப்புதான்.

அறுபதுகளில் மதிப்பெண் வாங்கும் டிசர்டேஷன் என்ன செய்யும்? தடுப்புச் சுவர் கட்டினால் மக்கள் பாதுகாப்பாக உணர்ந்து அதன் நிழலிலேயே மேலும் மேலும் குடியேறுவார்கள் என்ற கருத்து புவியியலில் பழையது, அமெரிக்கப் புவியியலாளர் கில்பர்ட் வைட் காலத்திலிருந்து பேசப்படுவது. அதை அழகாக விளக்கும். 11 பேரில் இத்தனை பேருக்குப் பயமில்லை என்று ஓர் அட்டவணை போடும். ஆகவே கருத்து சரி என்று முடித்துவிடும். தவறு எதுவும் இல்லை, 65 போடுவார்கள். எழுபதுகளில் வாங்குவது அந்தப் பத்திரங்களிடம் நின்று யோசிக்கும். வாய் பயமில்லை என்கிறது, கை பத்திரத்தை மாடிக்குக் கொண்டுபோகிறது. அப்படியானால் 'பயம் இருக்கிறதா' என்று நேராகக் கேட்கும் ஆய்வுமுறை எதைத் தவறவிடுகிறது? பழைய கருத்து இந்தத் தீவில் முழுதாகப் பொருந்துகிறதா? 11 பேரை வைத்து எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது? இந்தக் கேள்விகளைத்தான் அவர்கள் மதிப்பீட்டு அளவைகளில் விமர்சனப் பார்வை, சுயசிந்தனை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். கூடுதலாக நாற்பது நூல்களை மேற்கோள் காட்டினால் இது வராது.

அவளிடம் சொன்னதை உங்களுக்கும் எழுதுகிறேன், வீட்டில் என்ன நடக்கிறது என்று உங்களுக்குப் புரிய வேண்டும். 10,000 சொல் கொண்ட டிசர்டேஷனில் முன்னோர் ஆய்வுகளைப் பற்றிய அத்தியாயத்தை மட்டும் 3,500 சொல்லுக்கு இழுத்து வைத்திருக்கிறாள். எல்லோரும் செய்வதுதான், படித்ததையெல்லாம் காட்டிவிட வேண்டும் என்ற பதற்றம். அதை 2,000-க்குக் குறைத்து, மிச்சமாகும் இடத்தைக் கடைசி விவாத அத்தியாயத்துக்குக் கொடுக்கச் சொன்னேன். ஆய்வை வழிநடத்தும் ஆசிரியரான சூப்பர்வைசர் ஒரே ஒரு அத்தியாய வரைவைத்தான் படித்துக் கருத்துச் சொல்வார் என்பது பல துறைகளில் நடைமுறை. மாணவர்கள் முதலில் எழுதி முடித்தது என்பதற்காக முன்னுரையைக் கொடுத்து அந்த வாய்ப்பை வீணடிக்கிறார்கள். இவள் விவாத அத்தியாயத்தைக் கொடுக்க வேண்டும், பிப்ரவரிக்குள் கொடுக்க வேண்டும். போய் உட்கார்ந்து "சரியாக இருக்கிறதா?" என்று கேட்கக்கூடாது. "இந்த மூன்றாவது வாதம் என் சான்றுகளைத் தாண்டிப் போகிறதா?" என்று எழுதிக் கொண்டுபோய்க் கேட்க வேண்டும். அப்புறம் துறை நூலகத்தில் முந்தைய ஆண்டுகளில் ஃபர்ஸ்ட் வாங்கிய டிசர்டேஷன்கள் இருந்தால் இரண்டை எடுத்து, மதிப்பீட்டு அளவைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எந்த வரிக்கு எது மதிப்பெண் வாங்கித் தந்திருக்கும் என்று பென்சிலால் குறித்துப் பார்க்க வேண்டும். 69-ல் நிற்கிறவர்களை, பாதிக் கிரெடிட்டுக்கு 70-க்கு மேல் இருந்தால் தூக்கிவிடும் விதி சில பல்கலைக்கழகங்களில் உண்டு. அவள் இடத்தில் உண்டா என்று விதிப்புத்தகத்தைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். மதிப்பெண் போட்டபின் இது குறைவு என்று மேல்முறையீடு செய்ய முடியாது. நடைமுறையில் பிழை இருந்தால்தான் கேட்கலாம். ஆகவே போராட வேண்டிய இடம் சமர்ப்பிப்பதற்கு முன்புதான்.

மாட்யூல்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அவள் அதில் ஏற்கெனவே 70-க்குப் பக்கத்தில் இருக்கிறாள், ஆசிரியர்கள் எழுதித் தந்த கருத்துகளைத் திரும்பப் படித்தாலே போதும்.

இனி பணம். இதில் நான் கொஞ்சம் கறாராகவே பேசுவேன். அந்த ஏஜென்சி 1,200 பவுண்டு கேட்டிருக்கிறது, 'வழிகாட்டுதல்' என்று பெயர் வைத்திருக்கிறது. அவர்கள் அனுப்பிய செய்தியில் அத்தியாயம் அத்தியாயமாக எழுதித் தருவோம் என்றுதான் இருக்கிறது. இங்கிலாந்தில் 2022-ல் வந்த சட்டத்தின்படி மாணவருக்குக் காசு வாங்கிக்கொண்டு கட்டுரை எழுதித் தருவதும், அதற்கு விளம்பரம் செய்வதும் குற்றம். மாணவி மாட்டினால் அது கல்வி மோசடி. படிப்பிலிருந்து நீக்கினால் பல்கலைக்கழகம் விசா பொறுப்பையும் விலக்கிக்கொள்ளும், பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். ஒரு பைசா அனுப்பாதீர்கள். எழுத்தைச் சீர்செய்ய உதவி வேண்டுமென்றால் பல்கலைக்கழகத்தின் கற்றல் உதவி மையம் இருக்கிறது, இலவசம்.

அந்த 1,200 பவுண்டு உங்களிடம் உண்மையிலேயே இருக்கிறது என்றால் ஒரு வழி சொல்கிறேன். உங்கள் பெண் வாரம் 20 மணி நேரம் கடையில் வேலை பார்க்கிறாள். மாணவர் விசாவில் பாடம் நடக்கும் காலத்தில் அதுதான் உச்சவரம்பு, அவள் உச்சத்திலேயே நிற்கிறாள். இரவு பதினொரு மணிக்கு அறைக்கு வந்து யாரால் விவாத அத்தியாயம் எழுத முடியும்? எட்டு மணி நேரத்தைக் குறைத்துக்கொண்டால், மணிக்கு 12 பவுண்டு என்று வைத்துக்கொண்டாலும் வாரம் 96 பவுண்டுதான் நஷ்டம். ஏஜென்சிக்குப் போகவிருந்த பணம் ஏறக்குறைய 12 வாரத்துக்கு வரும். ஜனவரி இறுதியிலிருந்து ஏப்ரலில் சமர்ப்பிக்கும் வரைக்கும் அது போதும். ஃபர்ஸ்ட்டுக்காகச் செலவு செய்ய நினைத்தால் இந்த ஒரு செலவுதான் நியாயமானது.

முதுநிலைப் படிப்புக்கு முன்பணம் வேண்டவே வேண்டாம். இளநிலைக்கு வாங்கிய கடனே அப்படியே நிற்கிறது, மிச்சமிருக்கும் நகையையும் வைக்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் படிப்பு அவள் கேட்டதும் இல்லை. பெயர் பெரியது என்று கொழுந்தனாருக்குப் பிடித்திருக்கிறது. நல்ல ஃபர்ஸ்ட்டோ வலுவான டூ-ஒன்னோ இருந்தால் முதுநிலை இல்லாமலே பிஎச்டிக்குச் சேர்த்துக்கொள்ளும் துறைகள் பிரிட்டனில் உண்டு. முதுநிலை ஆண்டையும் சேர்த்தே தரும் உதவித்தொகைகளும் உண்டு. எது சரிவரும் என்பதைக் கோடையில் முடிவு வந்தபிறகு, அவளும் அவள் சூப்பர்வைசரும் சேர்ந்து பார்க்கட்டும். அதுவரை அடகுக்கடைப் பக்கம் போகாதீர்கள்.

கொழுந்தனாரிடம் நீங்களும் உங்கள் வீட்டுக்காரருமே பேசிவிடுங்கள், அவளைப் பேச வைக்காதீர்கள். தலைப்பு மாறாது, பணம் கட்டப் போவதில்லை என்ற இரண்டையும் சொன்னால் போதும், விளக்கம் கேட்டால் இந்தக் கடிதத்தைக் கொடுங்கள். அவளுக்கு உடம்பு சரியில்லாமல் போனாலோ வீட்டில் ஏதாவது நேர்ந்தாலோ, படிப்பு கெடுமே என்று மறைக்காமல் உடனே அவளிடம் சொல்லி, தவிர்க்க முடியாத சூழ்நிலைக்கான விண்ணப்பத்தைக் கெடு முடிவதற்கு முன்பே கொடுக்கச் சொல்லுங்கள். கெடு தாண்டிவிட்டால் பல இடங்களில் நாளொன்றுக்கு ஐந்து மதிப்பெண் போய்விடும். அடுத்த முறை போன் செய்யும்போது பேட்டிகளை எழுத்தில் பெயர்ப்பது எதுவரை வந்திருக்கிறது என்று கேளுங்கள். நவம்பர் கடைசிக்குள் பதினொன்றையும் முடித்துவிடுவதாக என்னிடம் சொல்லியிருக்கிறாள்.